நிரப்பக் கூடாத ஹால்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று எந்த ஊரின் பழைய தெருவுக்குள் நுழைந்தாலும் மனைகள் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். தெருவைப் பார்த்த முகப்பு 18 அடி, மிஞ்சிப்போனால் 22 அடி. நீளம் மட்டும் கொல்லை வரை போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் வாசல் வழியாக வரவேண்டும், கொல்லை வழியாக வரவேண்டும், இல்லாவிட்டால் தலைக்கு மேலிருந்து வரவேண்டும். முற்றம் வைத்துக் கட்டியது அதனால்தான்.

இப்போது அந்த வீடுகளை இடித்துவிட்டுக் கட்டுகிறோம். மனை அதேதான். முற்றத்தைக் கான்கிரீட் போட்டு மூடிவிடுகிறோம். ரேழி, கூடம், தாழ்வாரம் மூன்றும் ஒன்றாகி 30 அடி, 35 அடி நீளத்துக்கு ஒரு ஹால் கிடைக்கிறது. மாடிப்படிக்கும் குளியலறைக்கும் விட்டதுபோக அகலம் 11 அடி தேறினால் பெரிய விஷயம். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுத்து, கட்டடம் முடியும்வரை கூட நிற்பது என் தொழில். குடிபோன கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்து பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: “ஹால் பெருசாத்தாங்க இருக்கு. ஆனா உக்கார இடமில்ல.”

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம் அப்படித்தான் கூப்பிட்டது. 33 அடி ஹால். சோஃபா, திவான், ஷோகேஸ், தையல் மிஷின், சாப்பாட்டு மேஜை எல்லாம் சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. நடுவில் வாசலிலிருந்து கொல்லைவரை வெறும் தரை. வாசல் கோடியில் டிவி, மறு கோடியில் பாட்டியின் கட்டில். நாலு பேர் உட்கார்ந்தால் ரயில்வே பிளாட்பாரத்தில் காத்திருப்பதுபோல ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பாட்டி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னார்கள்: “ஏம்மா, நானும் இந்த ஹால்லதான் கெடக்கேன். எல்லாரும் என்னத் தாண்டித்தான் போறாங்க. ஒருத்தரும் நிக்க மாட்டேங்கறாங்க.”

அந்த ஹாலின் நோய் முழுவதும் பாட்டியின் பேச்சில் இருந்தது. வழி எது, இடம் எது என்று பிரிக்காத நீள அறையில் எல்லாமே வழியாகிவிடும். பழைய கூடம் இந்தச் சிக்கலைச் சுவர் வைக்காமலே தீர்த்தது. முற்றத்தைச் சுற்றி நாலு தூண். தூணுக்கு வெளியே தாழ்வாரம், அது நடக்க. தாழ்வாரத்தின் ஓடு இறங்கியிருக்கும், கூடத்தின் கூரை உயர்ந்திருக்கும். முற்றம் ஒரு சாண், இரண்டு சாண் பள்ளம். நிற்கும் இடம் மாறிவிட்டது என்பதைத் தலைக்கு மேலிருந்த உயரமும் காலடித் தரையும் விழுகிற வெளிச்சமும் சொல்லிவிடும். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டுக்குப் போனால் அந்த அமைப்பின் சிறிய வடிவத்தை இன்றும் பார்க்கலாம். 2003-இல் சாஸ்திரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவில்லமாகப் பராமரிக்கிறது. திண்ணை, தெருவைப் பார்த்த சின்ன அறை, கூடம், அடுப்படி, பின்னால் கிணறு. எளிய குடும்பத்தின் குறுகிய வீடு. ஆனால் எந்த இடம் எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாபநாசம் வீட்டில் முதலில் வழியைத்தான் முடிவு செய்தோம். வாசலும் கொல்லைக் கதவும் நேருக்கு நேர், இரண்டும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. அந்தப் பக்கச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு முழு நீளமும் நடைபாதை. அதில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. மீதி எட்டடி அகலம் முழுக்க உட்காருவதற்கு. பேசுகிறவர்களுக்கு நடுவே எட்டடிக்கு மேல் போனால் குரலை உயர்த்தவேண்டியிருக்கும். ஆக இந்த அகலம் குறைச்சல் இல்லை, சரியான அளவு.

பிறகு நீளத்தை மூன்றாக்கினோம். வாசல் பக்கம் பத்தடி, பழைய ரேழி செய்த வேலைக்கு: செருப்பு கழற்ற ஒரு பெஞ்சு, உர மூட்டைக் கணக்கு பேசவந்த ஆள் உட்கார இரண்டு நாற்காலி. நடுப்பகுதி குடும்பத்துக்கு. சோஃபாவைச் சுவரிலிருந்து பிரித்து, முதுகு வாசலைப் பார்க்கும்படி குறுக்கே போடச் சொன்னேன். வீட்டுக்காரர் தயங்கினார், வருகிறவர்களுக்கு முதுகு காட்டுவதா என்று. ரேழியில் அவர்களுக்கென்று இடம் இருப்பதால் அது மரியாதைக் குறைவு ஆகாது என்று எடுத்துச் சொன்ன பிறகு சம்மதித்தார். அந்தச் சோஃபாவின் முதுகுதான் இப்போது அங்கே பார்டிஷன். டிவி குறுக்குச் சுவரிலிருந்து நீளச் சுவருக்கு மாறியது. 43 அங்குல டிவிக்கு ஆறடி தூரம் தாராளம். கடைசிப் பகுதியில், கொல்லைக் கதவு வெளிச்சத்தில், சாப்பாட்டு மேஜை. அதுவே சாயங்காலம் பிள்ளைகள் எழுதும் மேஜை. பாட்டியின் கட்டில் நடுப்பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் நடுவே வந்தது. அடுப்படியில் வேலையாக இருக்கிற மருமகளிடமும் சோஃபாவில் இருக்கிற பேரனிடமும் எழுந்திருக்காமலே பாட்டியால் பேச முடிகிறது.

மின்விளக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். நீள ஹாலுக்கு ஒரே ஸ்விட்சில் வரிசையாக வெள்ளை எல்இடி போடுகிற வழக்கம் பரவிவிட்டது. மூலை முடுக்கெல்லாம் ஒரே வெளிச்சம் அடித்தால் எவ்வளவு பிரித்தாலும் அறை மறுபடி ஒரே நீளமாகத்தான் தெரியும். மூன்று பகுதிக்கும் தனித்தனி ஸ்விட்ச், தனித்தனி ஃபேன். சாப்பாட்டு மேஜைக்கு மேல் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்றைத் தாழ்வாகத் தொங்கவிட்டாலே போதும், அது ஓர் அறையாகிவிடும். டைல்ஸ் போடும்போது நீளவாக்குக் கோடுகள் அறையை இன்னும் இழுக்கும். குறுக்குவாக்கில் ஒரு பட்டை ஆத்தங்குடிக் கல் பதித்தால் அந்த இடத்தில் கண் நின்றுவிடும். எதிரொலிக்குப் பயந்து ஃபால்ஸ் சீலிங் போட ஓடவேண்டாம். கனமான திரைச்சீலையும் ஒரு புத்தக அலமாரியும் பாதிச் சத்தத்தை விழுங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தாலும் நடுப்பகுதி பகலிலும் இருட்டாகவே இருந்தால் அங்கே யாரும் உட்காரமாட்டார்கள். முற்றத்தை மூடியதற்கான தண்டனை அது. மேலே மாடி எழுப்பாத வீடுகளில் நான் விடாமல் கேட்டு வாங்குவது நாலுக்கு ஆறடி திறப்பு ஒன்று. மொட்டை மாடியில் திறப்பைச் சுற்றி ஒன்றரை அடி சுவர் எழுப்பி, மேலே டஃபன்டு கண்ணாடி, பக்கங்களில் கொசுவலை போட்ட காற்றுத் துவாரம். சூடான காற்று தானாக மேலேறி வெளியே போகும், கொல்லையிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்தில் மழை சாய்ந்து அடிப்பதால் கண்ணாடி சுவரைத் தாண்டி ஓரடியாவது நீண்டிருக்கவேண்டும். அதில் வழியும் தண்ணீரைக் குழாய் வைத்து மழைநீர்த் தொட்டிக்கு விட்டுவிடலாம். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். முற்றத்து மழையை அண்டாவில் பிடித்துவைத்த வீடுகளுக்கு இது புதிய பாடம் இல்லை.

கூரையைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே இறக்குவதையே கொழும்பில் ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் பெரிய அளவில் செய்துகாட்டினார். 33-ஆவது லேனில் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை 1958 தொடங்கிப் பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தனக்கு ஒரே வீடாக்கிக்கொண்டார். உள்ளே நீண்ட வெள்ளை நடை ஒன்று. ஆனால் அது நீளமாக உறுத்துவதில்லை. ஆங்காங்கே கூரையைத் திறந்து சின்னச் சின்ன முற்றங்களை வைத்திருக்கிறார். அமெரிக்காவில் ஃப்ராங்க் லாயிட் ரைட் 1910-இல் சிகாகோவில் கட்டிமுடித்த ரோபி வீட்டிலும் உட்காரும் இடமும் சாப்பிடும் இடமும் ஒரே நீள அறைதான். நடுவே ஒரு கணப்படுப்பு நின்று இரண்டையும் பிரிக்கிறது. படங்களைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் நம் ஊர்க் கூடத்துத் தூண்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. பிரிப்பது எதுவானாலும் அரை மணி நேரத்தில் எடுத்துவிடக் கூடியதாக இருக்கவேண்டும். டெல்டாவில் ஹால் என்பது உட்காருவதற்கு மட்டும் கட்டியது இல்லை. நவராத்திரிக்குக் கொலுப்படி வரும். வளைகாப்பு நடக்கும். குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் ஈர நெல் உள்ளே வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல் என்பதால், ஃபேனைப் போட்டு ஹால் முழுக்க நெல்லைப் பரப்பி உலர்த்துகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு பெரியவர் போய்விட்டால் ஊரே வந்து நிற்கப்போவதும் அங்கேதான்.

பந்தியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரோரம் பாயில் உட்காருகிறவருக்கும் அவர் முன் விரித்த இலைக்கும் சேர்த்து நாலடி. எதிர்வரிசைக்கு நாலடி. நடுவில் சாம்பார் வாளியோடு குனிந்து பரிமாறுகிறவருக்கு மூன்றடி. மொத்தம் 11 அடி. ஆளுக்கு இரண்டடி வைத்தால் 30 அடி ஹாலில் ஒரே பந்தியில் 30 பேர் சாப்பிடலாம். குறுகல் என்று நொந்துகொள்கிற அதே அகலம்!

அதனால்தான் சுவரோடு சேர்த்து அடிக்கிற டிவி யூனிட்டும், அசைக்க முடியாத எல் வடிவச் சோஃபாவும் வேண்டாம் என்கிறேன். விலை குறைவா கூடவா என்பது அடுத்த பேச்சு. இரண்டு பேர் தூக்க முடிகிறதா என்று கடையிலேயே தூக்கிப் பாருங்கள். கொள்ளிடம் பக்கத்தில் தைக்காலில் பிரம்பு முடைகிறார்கள். அந்த நாற்காலியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகலாம், நம் புழுக்கத்தில் முதுகும் வேர்க்காது. இரண்டு நல்ல கோரைப்பாய் சுருட்டி வைத்திருந்தால் பத்துப் பேர் வந்தாலும் கவலையில்லை.

ஊஞ்சல் போட ஆசை இருப்பவர்கள் சென்ட்ரிங் அடிக்கும்போதே சொல்லிவிடவேண்டும். கொக்கி ஸ்லாபில் இருக்கக் கூடாது. பீமின் கம்பிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக் கான்கிரீட் போடவேண்டும். பின்னால் துளைபோட்டு மாட்டுகிற கொக்கியை நான் ஒப்புக்கொள்வதில்லை, அதில் குழந்தைகள்தான் ஏறி ஆடப்போகிறார்கள். பலகை அறைக்குக் குறுக்காகத் தொங்கி, நீளவாக்கில் ஆடவேண்டும். ஐந்தடிப் பலகைக்குப் பக்கத்திலேயே நடைபாதை தடையில்லாமல் கிடைக்கும். முன்னும் பின்னும் நாலடி காலியாக விடுங்கள். விசேஷ நாளில் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, சங்கிலியைச் சுருட்டிக் கொக்கியிலேயே மாட்டிவிட்டால் பந்திப்பாய் விரிக்கலாம். பாபநாசம் வீட்டில் பீம் இருக்கும் இடத்தைத் தட்டிப்பார்த்துக் குறித்திருக்கிறோம். அடுத்த கோடையில் மாடி எழுப்பும்போது அந்த பீமைப் பலப்படுத்திக் கொக்கி வைப்பதாக ஏற்பாடு. பலகை பழைய வீட்டு ஊஞ்சலுடையது, தேக்கு, பித்தளைப் பூண் நாலும் பத்திரமாக இருக்கிறது.