குடும்பத்துக்கு என்று ஒரு கட்டம்! திருடு போனால் புகார் எங்கே?

சைக்கிள் திருடு போனால் போலீசுக்குப் போகலாம். கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினாலும் போலீசுக்குப் போகலாம். புடவையில் இருக்கும் கட்டத்தைத் திருடினால்?

சிரிக்க வேண்டாம். காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி போட்டிருப்பவர்களிடம் கேட்டால் அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் கடைக்குப் போய், நூறு புடவையைப் புரட்டிப் போட்டு ஒன்றை எடுப்பதுதான் வழக்கம். இப்போது சிலர் "எங்க வீட்டுக்குன்னு தனியா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று நேரே தறிக்கே வந்துவிடுகிறார்கள். முந்தியில் மணமக்கள் பெயர் வேண்டும் என்கிறார்கள். முகமே வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு! விவரம் தெரிந்த வீட்டார் கேட்பது வேறு. பாட்டி கட்டிக் கிழிந்த புடவையைப் பையில் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். "இதே கட்டம் வேணும், இதே கலர்ல" என்கிறார்கள்.

கேட்பது சுலபம். போடுவது?

இழையை எண்ணு!

கட்டம் என்றால் கோடு போடுவது என்று நான் நினைத்திருந்தேன். அது கணக்கு. பழைய புடவையை வெளிச்சத்தில் பிடித்து, லென்சை வைத்து, இழை இழையாக எண்ணுகிறார்கள். ஒரு பேச்சுக்குச் சொன்னால், அரக்கு 40, சந்தனம் 8, பச்சை 24, மறுபடி சந்தனம் 8. இது பாவில். ஊடையிலும் இதே வரிசை வர வேண்டும். அப்போதுதான் கட்டம்.

விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி வேலை பார்ப்பார்களே, அதற்குள் கலர் வரிசை முடிவாகி இருக்க வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது. நான்கு இழை தப்பினால் அந்தத் தப்பு புடவையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கூடவே வரும்.

இன்னொரு வம்பும் இருக்கிறது. தறியில் அடிக்கிற அடி ஒரே மாதிரி விழ வேண்டும். ஓங்கி அடித்தால் கட்டம் குட்டையாகும், லேசாக அடித்தால் நீண்டு போகும். காலையில் அடித்த கையும் மாலையில் அடித்த கையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பதினைந்து இருபது நாள் வேலையில் இது எத்தனை பேருக்கு வரும்?

கலரிலும் வேடிக்கை உண்டு. சிவப்புப் பாவில் பச்சை ஊடை குறுக்கே போனால் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. மூன்றாவதாக ஒன்று மினுங்கும். மூன்று கலரில் கட்டம் போட்டால் கண்ணுக்கு ஆறு கலர். நான்கு என்றால் பத்து. சந்தேகம் இருப்பவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

மீதி இரண்டு யாருக்கு?

தறிக்காரர்களுக்கு உள்ள பெரிய தலைவலி இதுதான். தறிக்கு ஏற்றும் ஒரு பாவில் வழக்கமாக மூன்று புடவை இறங்கும். கல்யாணப் பெண்ணுக்கு வேண்டியது ஒன்று. உடம்புக் கட்டம் பாவிலேயே இருப்பதால் மற்ற இரண்டிலும் அந்தக் கோடு வந்தே தீரும்.

இது பற்றி வயதான ஒரு நெசவாளி கூறியதாவது:-

"உலகத்துல வேற யாருகிட்டயும் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போவாங்க தம்பி. சரிம்மா, மூணையும் எடுத்துக்குங்கன்னா மொகம் சுருங்கிடும். அம்மாவுக்கு ஒண்ணு, சம்பந்தியம்மாவுக்கு ஒண்ணுன்னு எடுத்தா பிரச்சினை இல்ல. எடுக்கலைன்னா ரெண்டையும் நான் என்ன பண்றது? பட்டு, ஜரிகை எல்லாம் காசு. கடைக்குத்தான் போடணும். அப்புறம் அது ஊர் கட்டம்."

ஊடைக் கலரை மாற்றி மீதி இரண்டையும் வேறு மாதிரி காட்டலாம். அதுவும் நடக்கிறது. ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்கா தங்கை என்று தெரிந்துவிடும்.

கடைக்குப் போனது கண்ணாடிக்குள் தொங்கும். யாராவது செல்போனில் படம் எடுப்பார்கள். கொஞ்ச நாளில் விசைத்தறியில் அதே கட்டம், பட்டு மாதிரி ஒரு நூலில், பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்து நிற்கும்.

வெள்ளைக்காரன் என்ன செய்கிறான்?

குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்ற பைத்தியம் நமக்கு மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் ஆண்கள் முழங்கால் வரை கட்டுகிற கட்டம் போட்ட மடிப்பு ஆடையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் கில்ட். அந்தக் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர். நம்ம புடவை 6 கஜம், மடிசார் 9 கஜம். கில்ட்டுக்கு 8 கஜம்! நம்ம கிராமத்து ஆயாக்கள் போலப் பின்கொசுவம் வேறு. கம்பளி நூல், நெசவும் கொஞ்சம் சாய்வாகப் போகும். மற்றபடி இழையை எண்ணுவது, பாவும் ஊடையும் ஒரே வரிசை என்பது எல்லாம் பிள்ளையார்பாளையம் கணக்கேதான். தைக்கும்போது மடிப்பு மடிப்பாக மடித்தும் கட்டம் உடையாமல் தொடர்ந்து வரும்படி செய்கிறார்கள்.

ஆதிகாலம் முதல் வம்சத்துக்கு ஒரு கட்டம் என்று அவர்கள் பெருமை பேசுவதில் பாதி கடைக்காரன் வேலை. 1746இல் பிரிட்டிஷ் சர்க்கார் அந்த ஆடைக்கே தடை போட்டது, 1782இல்தான் எடுத்தது. பேனக்பர்ன் ஊரில் வில்சன்ஸ் என்ற நெசவுக் கம்பெனி 1819இல் கட்டங்களுக்குக் கணக்குப் புத்தகமே எழுதி வைத்தது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எல்லாரும் தத்தம் கட்டத்தைத் தேடி ஓடினார்கள். நம்ம ஊரில் 1961இல் வந்த சினிமாவின் பெயர் 'பாலும் பழமும்' கட்டத்துக்கு ஒட்டிக்கொண்டதாகச் சொல்கிறார்களே, அந்த மாதிரி!

ஆனால் ஒன்றை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். 2008இல் சட்டம் போட்டு, 2009இல் டார்ட்டன்களுக்கு அரசாங்கப் பதிவேடு திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தன் கட்டத்தைப் பதியலாம். இருப்பதைப் போலவே இன்னொன்று என்றால் ஏற்கமாட்டார்கள். அங்கே குடியேறிய சர்தார் இக்பால் சிங் என்பவர் முயற்சியில் 1999இலேயே 'சிங்' என்ற பெயரில் ஒரு டார்ட்டன் உண்டாகிவிட்டது. பதிந்ததாலேயே சட்ட உரிமை வந்துவிடாது. ஆனால் எந்தக் கட்டம், யாருடையது, எந்த நாளில் என்று காகிதம் இருக்கிறது.

இங்கே?

காஞ்சீபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயருக்குக் காவல். ஒரு வீட்டுக் கட்டத்துக்குக் காவல் இல்லை. கைத்தறிக்கு என்று ஒதுக்கிய ரகங்களை விசைத்தறி நெய்யக்கூடாது என்று 1985 சட்டம் இருக்கிறது. அது ரகத்தைப் பார்க்கும், டிசைனைப் பார்க்காது.

டிசைனுக்கு என்றே 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. கொல்கத்தாவில் தலைமை அலுவலகம். பதிந்தால் 10 வருஷம், நீட்டித்தால் மேலும் 5 வருஷம். ஆனால் டிசைன் புதிதாக இருக்க வேண்டும். வெளியே காட்டுவதற்கு முன்பே பதிய வேண்டும்.

பாட்டி புடவையின் கட்டம் புதிதா? கல்யாணத்துக்குக் கல்யாணம் ஊரே பார்த்த கட்டம் அது. ஒரு குடும்பம் எதைத் தன் சொத்து என்று பையில் சுருட்டி வருகிறதோ, அதைச் சட்டம் தொடாது! தறிக்காரர் தானே யோசித்துப் புதிதாகப் போட்டால் பதியலாம். அதற்கு மனு எழுத, பீஸ் கட்ட, தறியை விட்டு இறங்கிப் போக வேண்டும். அன்றைய கூலி?

நான் பார்த்த பெரியவரிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு கட்டம். இழைக் கணக்கு எழுதி, ஓரத்தில் கலருக்கு ஒன்றாகப் பட்டு நூலைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். சில பக்கத்தில் பென்சிலில் வீட்டுப் பெயர் இருக்கிறது. சிலதில் அழிந்துவிட்டது.

"இது யாரோடதுய்யா?" என்று பெயர் அழிந்த ஒரு பக்கத்தைக் காட்டிக் கேட்டேன்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஆரணி பக்கம் ஒரு வீடு. பொண்ணு டீச்சர். முதல் புடவை போன வாரம் போயிடுச்சு. மீதி ரெண்டு அதோ..." என்று தறியைக் காட்டினார். பாவில் அரக்கும் சந்தனமும் பச்சையும். "கடைக்காரர் ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டாரு. அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கு."