இலையில் ஓட்டை விழட்டும்

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் வழியில், மூலக்குளம் பக்கம் தரிசெல்லாம் மனையாகிவிட்டது. மதிலோரம் நட எளிதில் கிடைப்பவை காகிதப்பூவும் சொர்ணபட்டியும். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். அதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. புதுச்சேரி 2007-இல் தன் மலராக அறிவித்த நாகலிங்கமே தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். தெலங்கானா எடுத்துக்கொண்டதோ ஆவாரையை. தரிசில் தானே முளைத்து, பொங்கல் சமயத்தில் பல ஊர்களில் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் காப்புக்கட்டில் சேர்ந்து, மற்ற நாளெல்லாம் கவனிப்பாரற்றுக் கிடக்கும் அதே செடி. அதை வாசலுக்குக் கொண்டுவரலாம் என்பேன். மஞ்சள் பூவுக்காக மட்டுமல்ல, இலைக்காக.

சொர்ணபட்டிக்குத் தேன்சிட்டு வருகிறதே என்று கேட்கலாம். வரட்டும். ஆனால் பூவில் தேன் குடிக்கும் வண்ணத்துப்பூச்சி, கண்ட இலையில் முட்டையிடாது. ஆவாரை, கொன்றை வகை இலைகளைத் தேடி முட்டையிடும் வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. அவற்றின் பச்சைப்புழு அந்த இலையைத் தின்றே வளரும். தையல்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவதும் புழு பூச்சிகளைத்தான். அழகுக்கு நடும் செடி எல்லாமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது, அரளி இலையைத் தின்று வளரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி நம்மிடம் இருக்கிறது. ஆனால் காகிதப்பூ அப்படிப் பெரிதாக எதற்கும் சோறு போடுவதில்லை. ஆவாரம்பூவின் ஏற்பாடே தனி. அதில் தேன் கிடையாது. மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கும், நுனியில் மட்டும் துளை. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து உலுக்கினால், உப்புக்குடுவையைக் கவிழ்த்ததுபோல் கொட்டும். தேனடை கட்டும் தேனீக்கு இந்த வித்தை வராது.

புழு தின்றால் செடி அசிங்கமாகுமே என்பது நியாயமான கவலை. சில வாரம் இலை ஓட்டையாகத்தான் இருக்கும். அதற்கு மருந்தடிப்பவர் ஆவாரை வைப்பதில் அர்த்தமில்லை. இந்தப் புழுவுக்குக் கம்பளிப்பூச்சிபோல் சுணைமயிர் இல்லை, அரிக்காது. செடியும் எளிதில் சாகாது: தோல் பதனிடப் பட்டைக்காக வெட்டிய காலத்திலும் அடியிலிருந்து துளிர்த்த சாதி அது. காட்டில்தான் கிடக்கிறதே, வீட்டில் எதற்கு என்றால், மனை போட இயந்திரம் இறங்கியதும் முதலில் போவது இந்தப் புதர்தான். முற்றிக் காய்ந்த காயின் விதைக்குத் தோல் தடிப்பு. வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, வெயில் விழும், நீர் தேங்காத இடத்தில் நேரடியாக ஊன்ற வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நடுவது ஒத்துவராது.