வாயால் சொல்கிறான்... எழுதத்தான் வரவில்லையா?

“நேத்து ராத்திரி ஒரு வரி விடாம ஒப்பிச்சான். இன்னிக்கு டெஸ்ட்ல நாலு மார்க்! வேணும்னே பண்றான்...”

பள்ளி வாசலில் இப்படிப் புலம்பும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்றால், கோபப்படும் முன் கொஞ்சம் நிதானியுங்கள். அது சோம்பேறித்தனமாக இல்லாமல், ‘டிஸ்லெக்ஸியா’ என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம்.

இது நோய் அல்ல; அறிவுக் குறைவும் அல்ல. எழுத்தையும் அதன் ஒலியையும் இணைப்பதில் வரும் சிரமம். 2007-ல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்துச் சிறுவன் இஷானை நினைவிருக்கிறதா? பாடத்தில் தோற்றுக்கொண்டே இருந்த அவன், ஓவியத்தில் கில்லாடி.

எப்படிக் கவனிப்பது?

ஆங்கிலத்தின் சின்ன ‘பி’யும் ‘டி’யும் இடம் மாறும். தமிழில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பும். முதல் எழுத்தைப் பார்த்தே வார்த்தையை ஊகித்துப் படிப்பார்கள். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஐந்து, ஆறு வயதில் எல்லாக் குழந்தைகளும் இப்படித் தடுமாறுவார்கள். எட்டு வயதாகியும் தொடர்ந்தால் கவனம் தேவை. முதலில் கண், காது பரிசோதனை. அதில் கோளாறு இல்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிலோ, மனநலப் பிரிவிலோ கேளுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தப்பான வார்த்தையை ஐம்பது முறை எழுத வைப்பதால் வெறுப்புதான் வளரும். தட்டில் ரவையைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்லுங்கள். படிக்கும் வரிக்குக் கீழே ஸ்கேல் வையுங்கள். பாடத்தை நீங்கள் வாசித்துக்காட்டி, பதிலை வாயால் சொல்லச் சொல்லுங்கள். தினமும் 15 நிமிடம் போதும். எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று வகுப்பு ஆசிரியரிடமும் பேசுங்கள்.

சலுகை அல்ல, உரிமை!

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கில் எடுத்த 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. உரிய மருத்துவச் சான்று இருந்தால், நம் மாநிலப் பொதுத் தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு எனக் கேட்க வழி உண்டு. பள்ளி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கியபின் ஓடாமல், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.

அப்பா, அம்மாவுக்கும்...

இதைப் படிக்கும்போது ‘அட, நானும் இப்படித்தானே இருந்தேன்’ என்று தோன்றுகிறதா? ஆச்சரியமில்லை. டிஸ்லெக்ஸியா குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. ‘மக்கு’ என்று பேர் வாங்கி, பத்தாவதோடு பள்ளியை விட்டவர்களில் இவர்களும் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத உச்ச வயது வரம்பு இல்லை. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதும் இல்லை. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். முடிந்த பாடத்தை முடித்துவிட்டு, அடுத்ததற்குப் போகலாம்.

இன்று மாலை பிள்ளை பையைத் திறக்கும்போது, “எத்தனை மார்க்?” என்று கேட்காதீர்கள். “எந்த இடத்துல கஷ்டமா இருக்கு கண்ணு?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும்.