கம்பைலர் எங்கே நேரத்தைத் தின்கிறது?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு கேள்வி. திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதுற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, எங்க சி பிளஸ் பிளஸ் புராஜெக்ட் பில்ட் ஆக ரொம்ப நேரம் ஆகுது. ஆப்டிமைசரை நிறுத்தினா போதுமா, இல்ல புது கம்ப்யூட்டரே வாங்கணுமா? முதலாளி கொட்டேஷன் கேக்குறார்." காசு போடுறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கணும். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

கம்பைலரை ஒரே மெஷினா நினைக்காதீங்க, அது ஒரு தையல் லைன் மாதிரி. முதல்ல ஹெடர் ஃபைல்களை எல்லாம் உள்ளே சேர்க்கும். அடுத்து இலக்கணம் சரியான்னு படிக்கும், டெம்ப்ளேட்டுகளை விரிக்கும். அப்புறம் ஆப்டிமைசர். கடைசியா மெஷின் கோட். லிங்க்கர் தனி புரோகிராம், அது பேக்கிங் செக்‌ஷன்னு வெச்சுக்கலாம்.

லைன்ல டைம் ஸ்டடி எடுக்கிறவர் ஸ்டாப்வாட்சோட நிப்பார். ஓவர்லாக்ல ஷோல்டர் சேர்க்க எத்தனை நொடி, பேட்லாக்ல பாட்டம் மடிச்சு அடிக்க எத்தனை நொடின்னு தனித்தனியா எழுதுவார். மொத்த நேரத்தை மட்டும் பார்த்தா எந்த டெய்லர்கிட்ட பண்டில் தேங்குதுன்னு தெரியாதுங்க.

அதே ஸ்டாப்வாட்ச் கம்பைலருக்குள்ளயும் இருக்கு. ஜிசிசி வெச்சிருந்தா, கமாண்டோட 'ஹைஃபன் எஃப்டைம் ஹைஃபன் ரிப்போர்ட்' சேருங்க. எந்தப் பகுதிக்கு எத்தனை நொடி, மொத்தத்துல எத்தனை சதவீதம்னு பட்டியல் வரும். கிளாங்ல 'ஹைஃபன் எஃப்டைம் ஹைஃபன் ட்ரேஸ்'. இது 2019-ல, கிளாங் 9-ல வந்தது; எழுதினவர் லிதுவேனியாவைச் சேர்ந்த அராஸ் ப்ரான்ட்ஸ்கெவிசியுஸ். இது ஒரு ஜேசன் ஃபைல் கொடுக்கும். குரோம் பிரவுசரோட ட்ரேசிங் பக்கத்துல திறந்தா, எந்த ஹெடர், எந்த டெம்ப்ளேட் நேரம் எடுத்துச்சுன்னு பட்டை பட்டையா தெரியும்.

எல்லாரும் முதல்ல ஆப்டிமைசரைத்தான் சந்தேகப்படுவாங்க. ஆனா சி பிளஸ் பிளஸ்ல பல நேரம் ஹெடர்தான் காரணமா இருக்கும். நம்ம ஃபைல் 50 வரிதான். ஐஓஸ்ட்ரீம் ஹெடரைச் சேர்த்தா கம்பைலர் படிக்கிறது பல்லாயிரம் வரி. 200 ஃபைல்ல அதே ஹெடர் இருந்தா 200 தடவை படிக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். பில்ட் 100 நொடி, அதுல ஆப்டிமைசர் 20 நொடின்னு வைங்க. ஆப்டிமைசரைப் பாதியாக்கினாலும் மிச்சம் 10 நொடிதான். ஹெடர் 60 நொடின்னா, அதைப் பாதியாக்கினா 30 நொடி மிச்சம். இந்த உண்மை திருப்பூருக்குப் புதுசில்ல. 2011 ஜனவரியில உயர்நீதிமன்ற உத்தரவால சாயப்பட்டறைகள் மூடினப்போ, துணியை வெளியூருக்கு அனுப்பி சாயம் போட வேண்டி வந்துச்சு. அந்த நேரத்துல வேகமான தையல் மெஷின் வாங்கியிருந்தா ஆர்டர் சீக்கிரம் போயிருக்குமா?

அளக்கும்போது மூணு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, ஒரு தடவை ஓட்டி முடிவு பண்ணாதீங்க. முதல் தடவை ஃபைல் டிஸ்க்ல இருந்து வரும், அடுத்த தடவை மெமரியில இருந்தே வரும். அஞ்சு தடவை ஓட்டிப் பாருங்க.

ரெண்டு, கடிகார நேரம் வேற, பிராசசர் நேரம் வேற. நாலு டெய்லர் ஒரே சமயத்துல ஒரு மணி நேரம் தைச்சா, கூலிக்கணக்கு நாலு மணி நேரம். சுவர்க் கடிகாரத்துல ஒரு மணி நேரம்தான். பல கோர்ல பில்ட் ஓடும்போது இந்த ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

மூணு, ஒரு பட்டைக்குள்ள இன்னொரு பட்டை இருக்கும். சைடு அடிக்கிற நேரத்துக்குள்ள நூல் மாத்துற நேரமும் அடக்கம். ரெண்டையும் கூட்டினா கணக்கு தப்பும்.

ரிசல்ட்டைப் பார்த்து மருந்து. ஹெடர் பெரிசா வந்தா, தேவையில்லாததை எடுங்க. அடிக்கடி வர்றதை ப்ரீகம்பைல்ட் ஹெடராக்குங்க. ஆப்டிமைசர் பெரிசா வந்தா, தினசரி பில்டை 'ஓ ஜீரோ'ல ஓட்டுங்க, ரிலீசுக்கு மட்டும் 'ஓ டூ'. இந்த ரிப்போர்ட்டுல லிங்க்கர் நேரம் வராது, அதைத் தனியா அளங்க. அங்கதான் தேங்குதுன்னா எல்எல்டி, மோல்ட் மாதிரி வேகமான லிங்க்கர் இருக்கு, காசு வேண்டாம்.

இதெல்லாம் செஞ்ச பிறகும் பத்தலைன்னா, அப்போ முதலாளிகிட்ட கொட்டேஷனைக் கொடுங்க. கூடவே இந்த ரிப்போர்ட்டையும் வைங்க. ஸ்டாப்வாட்ச் கணக்கு அவருக்குப் புரியும்.