2,000 வருட விதை... 111 பழங்கள்! பாலைவன கிராமத்தில் பைபிள் பெயர்களோடு வளரும் பேரீச்சை மரங்கள்

2005-ம் ஆண்டு, ஜனவரி மாதம். இஸ்ரேலின் தென்கோடியில், அரவா பாலைவனத்தில் இருக்கும் கெத்தூரா என்ற சின்னஞ்சிறு விவசாயக் கிராமம். அங்கே எலைன் சோலோவே என்ற பெண் விஞ்ஞானி மூன்று பேரீச்சை விதைகளைத் தொட்டி மண்ணில் ஊன்றினார். பேரீச்சை விளையும் ஊரில் இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா?

அந்த விதைகளின் வயது சுமார் 2,000 ஆண்டுகள்!

முளைக்கும் என்ற நம்பிக்கை சோலோவேக்கே பெரிதாக இல்லை. ஆனால், சில வாரங்களில் ஒரு தொட்டியில் மண் விரிந்து பச்சை எட்டிப் பார்த்தது. முதலில் வந்த இலைகள் வெளிறிப்போய், பேரீச்சை இலை போலவே இல்லை. பிழைக்குமா என்ற கவலையோடுதான் அந்தக் கன்றை வளர்த்தார்கள். அது பிழைத்தது. இன்று கெத்தூராவில் வளர்ந்து நிற்கும் அந்த மரத்தின் பெயர் 'மெத்தூசலா'. யூதர்களின் வேதத்தில் 969 ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மனிதரின் பெயர் அது.

மரத்துக்கு மட்டுமல்ல, அந்த ஊருக்கே பெயர் வேதத்திலிருந்துதான் வந்தது.

ஆபிரகாமின் இன்னொரு மனைவி

ஆபிரகாமின் மனைவி என்றதும் சாராள்தான் நினைவுக்கு வருவார். சாராளுக்குப் பிறகு ஆபிரகாம் கேத்தூராள் என்ற பெண்ணை மணந்தார், அவர்களுக்கு ஆறு மகன்கள் பிறந்தார்கள் என்கிறது ஆதியாகமம். எபிரேய மொழியில் அந்தப் பெயருக்கும், நறுமணப் புகையைக் குறிக்கும் சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். அந்தப் பெயரைத் தாங்கிய ஊர்தான் கெத்தூரா.

செங்கடல் கரையில் இருக்கும் எய்லாத் நகரிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். கிழக்கே பார்த்தால் ஜோர்டான் நாட்டு மலைகள் தெரியும். ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 30 மில்லிமீட்டர்தான். சென்னையில் மழைக்காலத்தில் ஒரே நாளில் இதைவிட அதிகமாகக் கொட்டிவிடும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் 1973-ம் ஆண்டு நவம்பரில் குடியேறினார்கள் ஓர் இளைஞர் கூட்டத்தினர். பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த யூத இளைஞர்கள். அதற்கு முந்தைய மாதம்தான் இஸ்ரேலில் பெரிய போர் வெடித்திருந்தது. விவசாயம் பழக்கமில்லை, தண்ணீர் உப்பு, வெயிலோ சொல்லவே வேண்டாம். வந்தவர்களில் பலர் தாக்குப்பிடிக்க முடியாமல் கிளம்பிப் போனார்கள். இருந்தவர்கள் ஊரைக் காப்பாற்றினார்கள்.

கெத்தூரா ஒரு 'கிப்புட்ஸ்'. அதாவது, நிலமும் உழைப்பும் வருமானமும் பொதுவில் இருக்க வேண்டும் என்ற கொள்கையோடு உருவான கூட்டுப் பண்ணைக் கிராமம். இஸ்ரேலில் பல கிப்புட்ஸுகளில் மதத்துக்கு இடமே இருக்காது. சிலவற்றில் எல்லோருமே ஆசாரமானவர்களாக இருப்பார்கள். கெத்தூரா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வீட்டுக்குள் அவரவர் விருப்பம். ஆனால், பொது இடங்களில் ஓய்வுநாள் அனுசரிக்கப்படும். பொது உணவுக்கூடத்தில் யூத உணவு விதிகள் கடைப்பிடிக்கப்படும். கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கூடத்தில் சாப்பிட வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது.

டிராயரில் தூங்கிய விதை

வேதத்தில் பேரீச்சைக்குத் தனி மரியாதை உண்டு. எபிரேய மொழியில் பேரீச்சைக்கு 'தாமார்' என்று பெயர். பெண்களுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். எரிகோ நகருக்கு 'பேரீச்ச மரங்களின் பட்டணம்' என்றே பட்டப்பெயர். 'பாலும் தேனும் ஓடும் தேசம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் வரும் தேன், பேரீச்சம்பழப் பாகுதான் என்று சொல்பவர்கள் அதிகம்.

ஆனால், அந்தப் புகழ்பெற்ற யூதேயா பேரீச்சை, போர்களாலும் ஆட்சி மாற்றங்களாலும் பராமரிப்பு இல்லாமலும் நூற்றாண்டுகளின் போக்கில் அழிந்துபோனது. இன்று இஸ்ரேல் தோட்டங்களில் விளைபவை எல்லாம் வெளியூர்ச் சரக்கு. நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் 'மெட்ஜூல்' ரகம், மொராக்கோவில் பிறந்து அமெரிக்கா வழியாக அங்கே போனது.

மெத்தூசலாவின் விதை கிடைத்த இடம் மசாதா. சாக்கடலை ஒட்டிய மலை உச்சிக் கோட்டை அது. ரோமப் பேரரசை எதிர்த்த யூதக் கிளர்ச்சியாளர்கள் கடைசியாகப் பதுங்கியிருந்த இடம். 1963 முதல் 1965 வரை அங்கே அகழாய்வு நடத்தினார் யிகேல் யாதின். அப்போது கிடைத்த பேரீச்சை விதைகள், ஆய்வுப் பொருளாக சுமார் 40 ஆண்டுகள் சும்மா கிடந்தன.

அவற்றைக் கேட்டு வாங்கியவர், ஜெருசலேமின் ஹடாஸா மருத்துவமனையில் மூலிகை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் சாரா சல்லான். பழங்காலத்தில் மருந்தாகப் பயன்பட்டு, பிறகு அழிந்துபோன செடிகளை மீட்க முடியுமா என்பதுதான் அவரது தேடல். விதைகள் அவரிடமிருந்து கெத்தூராவில் உள்ள சோலோவேயின் கைக்கு வந்தன. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வளர்ச்சி ஹார்மோனும் உரக் கரைசலும் கொடுத்து, விதைத்தார் சோலோவே.

உண்மையிலேயே 2,000 வருட விதையா என்ற சந்தேகம் வரும்தானே? கன்றை வேறு தொட்டிக்கு மாற்றியபோது, வேரில் விதையோட்டின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதையே கார்பன் முறையில் சோதித்து வயதை உறுதிசெய்தார்கள். 2008-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் செய்தி வெளியானதும், உலகமே கெத்தூராவைத் திரும்பிப் பார்த்தது.

வந்தாள் அன்னாள்!

2011-ல் மெத்தூசலா பூத்தது. பூவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஆண் மரம்! பனையைப் போலவே பேரீச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரம் மகரந்தம் தரும். பழம் தராது. அந்தப் பழைய பழத்தின் ருசி என்னவென்று தெரிய வேண்டுமானால், பழைய விதையிலிருந்து ஒரு பெண் மரமும் வர வேண்டும்.

மறுபடியும் தேடல் தொடங்கியது. மசாதா, கும்ரான், எரிகோவுக்கு அருகே உள்ள குகைகள் என்று பல இடங்களில் கிடைத்த 32 பழைய விதைகளை ஊன்றினார்கள். முளைத்தவை ஆறு. ஆதாம், யோனா, ஊரியேல், போவாஸ், யூதித்து, அன்னாள் என்று பெயர் வைத்தார்கள். யூதித்தும் அன்னாளும் பெண் மரங்கள்.

2020-ல் அன்னாள் பூத்தது. மெத்தூசலாவின் மகரந்தத்தை எடுத்து அந்தப் பூக்களில் சேர்த்தார்கள். அந்த ஆண்டே 111 பழங்கள் பறித்தார்கள். ஈராக்கில் விளையும் 'ஸாஹிதி' ரகத்தை நினைவூட்டும் பழம் அது.

வேதத்தில் வரும் அன்னாள் யார் தெரியுமா? குழந்தை இல்லை என்று ஆலயத்தில் அழுது வேண்டி, கடைசியில் சாமுவேல் என்ற மகனைப் பெற்ற தாய்!

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மாங்கொட்டையிலிருந்து வளரும் மரம் தாய்மரத்தின் பழத்தை அப்படியே தராதது போலத்தான் பேரீச்சையும். அதனால் அன்னாளின் பழம், வேத காலத்து மனிதர்கள் சாப்பிட்ட அதே பழம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதன் நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம்.

வயலின் மூலை ஏழைக்கு

பெயர் வைப்பதோடு வேதம் இங்கே முடிந்துவிடவில்லை. அறுவடை செய்யும்போது வயலின் ஓரங்களை முழுதாக அறுக்காதே, அதை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்பது லேவியராகமம் சொல்லும் சட்டம். ரூத் என்ற ஏழைப் பெண் போவாஸின் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்ததும் இந்தச் சட்டத்தால்தான்.

2011-ல் கெத்தூராவில் 4.95 மெகாவாட் சூரிய மின் பண்ணை தொடங்கப்பட்டது. இஸ்ரேலின் முதல் வணிக ரீதியிலான சூரிய மின் பண்ணை இதுதான். வேதச் சட்டத்தை நினைவில் வைத்து, அந்தப் பண்ணையின் நான்கு மூலைகளிலிருந்து வரும் வருமானம் தொண்டு அமைப்புகளுக்கு என்று ஒதுக்கினார்கள். கதிருக்குப் பதில் கரன்ட்!

இன்னொரு சட்டம், ஏழாம் ஆண்டு ஓய்வு. ஆறு ஆண்டுகள் பயிரிட்டால், ஏழாவது ஆண்டு நிலத்தைச் சும்மா விட வேண்டும். கடைசியாக 2021 செப்டம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை இந்த ஓய்வாண்டு வந்தது. தெற்கு அரவா, இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பழைய எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பது பல மத அறிஞர்களின் முடிவு. அதனால், ஓய்வாண்டில் ஆசாரமான யூதக் குடும்பங்கள் அரவா காய்கறிகளைத் தேடி வாங்குகின்றன. எல்லைக்கு வெளியே இருப்பதும் இந்த விவசாயிகளுக்கு ஒரு வகையில் வரம்தான்.

கேத்தூராளின் பிள்ளைகள்

1996 முதல் இதே கெத்தூராவில் அரவா சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. இஸ்ரேலியர், பாலஸ்தீனர், ஜோர்டானியர் எனப் பல தரப்பு மாணவர்கள் ஒன்றாகத் தங்கி தண்ணீர், மண், ஆற்றல் பற்றிப் படிக்கிறார்கள். கேத்தூராளின் பிள்ளைகளைக் கிழக்கு தேசத்துக்கு ஆபிரகாம் அனுப்பிவைத்தார் என்று ஆதியாகமம் சொல்கிறது. அரேபிய இனங்கள் சிலவற்றுக்கு அவர்களே முன்னோர் என்பது மரபான நம்பிக்கை. தாயின் பெயர் கொண்ட ஊரில், இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் போரும் பகையும் தீராத நிலத்தில் இது சின்ன விஷயமல்ல.

சோலோவேயின் தோட்டத்தில் இன்னொரு விருந்தாளியும் உண்டு. யூதேயா பாலைவனக் குகையில் கிடைத்த, சுமார் 1,000 ஆண்டுகள் பழைமையான ஒரு விதை 2010-ல் ஊன்றப்பட்டு மரமாகியிருக்கிறது. வெள்ளைப்போளம் தரும் மரங்களின் இனம். பெயர், 'ஷேபா'. வேதத்தில் மருந்தாகச் சொல்லப்படும் பிசினைத் தந்த மரம் இதுவாக இருக்கலாம் என்று 2024-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆய்வு வெளியானபோது மரம் 3 மீட்டர் உயரம் வளர்ந்திருந்தது. ஆனால், ஒருமுறைகூடப் பூக்கவில்லை. பூத்தால்தான் எந்த மரம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

கோட்டையில் 2,000 ஆண்டுகளும் டிராயரில் 40 ஆண்டுகளும் தூங்கிய விதை முளைத்த ஊர் இது. அன்னாளின் முதல் குலைக்கே 15 ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு, ஷேபாவின் ஒரு பூவுக்காகக் காத்திருப்பது பெரிய விஷயமா என்ன!