குழம்பில் கொஞ்சம் இனிப்பு: மிரின் வாங்கத்தான் வேண்டுமா?

ஜப்பான் சமையல் வீடியோ பார்த்துவிட்டு, மளிகைச் சாமான் சீட்டில் ‘மிரின்’ என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் அதைத் தேடி அலைய வேண்டாம். சென்னை, புதுச்சேரி பக்கம் பெரிய சூப்பர் மார்க்கெட்டிலோ ஆன்லைனிலோ பார்க்க வேண்டிய சரக்கு அது. விலையும் கையைக் கடிக்கும். காசு கொடுப்பதற்கு முன்னால், அது சட்டியில் என்ன வேலை செய்கிறது, அந்த வேலையை நம் அடுக்களையில் எது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மிரின் என்பது என்ன? அரிசியில் செய்யும் இனிப்பு மது. ஒரு காலத்தில் ஜப்பானில் அதைக் குடிக்கவும் செய்தார்கள். இன்று பெரும்பாலும் சமையலுக்குத்தான். வேகவைத்த பசையரிசி (வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரகம்), கோஜி (ஒரு வகைப் பூஞ்சணம் வளரவிட்ட அரிசி), வடித்தெடுத்த சாராயம் மூன்றையும் கலந்து ஒன்றிரண்டு மாதம் மூடி வைப்பார்கள். பூஞ்சணம் சுரக்கும் நொதிகள் அரிசியின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். பிழிந்து வடிகட்டினால் பொன்னிறத்தில், இளம்பாகு பதத்தில் ஒரு திரவம் வரும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை, சுமார் 14 சதவீதம் ஆல்கஹால். பழைய முறையில் செய்தால் வெளியிலிருந்து சர்க்கரை சேர்ப்பதே இல்லை. அத்தனை இனிப்பும் அரிசியிலிருந்து வருவதுதான். ஐச்சி மாநிலத்தின் மிக்காவா வட்டாரம் இதற்குப் பேர்போனது.

“சாராயமா? எங்கள் வீட்டில் ஆகவே ஆகாதே” என்கிறீர்களா? நியாயமான கவலை. வள்ளலாரின் வடலூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. ‘மிரின்’ என்ற பெயரில் விற்பது எல்லாம் ஒன்று அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹொன்-மிரின் என்பது உண்மையான மது. இரண்டாவது ரகத்தில் மதுவோடு உப்பையும் கலந்திருப்பார்கள். குடிக்க முடியாதபடி செய்துவிட்டால் மது வரி கிடையாது என்பதற்காக. மூன்றாவது ‘மிரின் மாதிரி’: குளுக்கோஸ் பாகில் சுவையூட்டிகள் கலந்தது, ஆல்கஹால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படித்தால்தான் எது என்று தெரியும். மூன்றாவது ரகமென்றால், நீங்கள் வாங்குவது ஏறக்குறைய விலை கூடிய சர்க்கரைப் பாகு.

கொதித்தால் ஆல்கஹால் பறந்துவிடாதா? பெரும்பகுதி போகும், முழுக்கப் போகாது. அரை மணி நேரம் கொதித்த பிறகும் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு தங்கும் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. ஒரு மேசைக்கரண்டி ஹொன்-மிரினில் ஆல்கஹாலே இரண்டு மில்லி அளவுதான். தங்குவது ஒரு மில்லிக்கும் குறைவு. போதைக்கு அது போதாது. ஆனால் மதம், விரதம், குடியை நிறுத்திய ஒருவர் வீட்டில் இருப்பது போன்ற காரணங்களால் துளிகூட வேண்டாம் என்பவர்கள் “எல்லாம் ஆவியாகிவிடும்” என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம்.

சரி, இது சட்டியில் என்னதான் செய்கிறது? உப்பும் சோயா சாஸும் நாக்கில் அறையாமல் இனிப்பால் சமன் செய்கிறது. சுண்டும்போது மீன் துண்டின் மேல் மினுமினுப்பாகப் படிகிறது. கவிச்சியைக் குறைக்கிறது. சூட்டில் எளிதில் சிவந்து மணம் கொடுக்கிறது.

இந்த நான்கையும் நம்மூர்ச் சாமானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கவிச்சிக்கு நமக்குப் புளி இருக்கிறது. கடல்மீனின் கவிச்சி வாடைக்குக் காரணம் அமீன் (காரத்தன்மையுள்ள, எளிதில் ஆவியாகும் பொருள்); புளிப்பு அதைக் கட்டிப்போட்டு ஆவியாகாமல் தடுத்துவிடும். வீராணம் ஏரி மீனில் சில சமயம் அடிக்கும் சேற்று வாடை வேறு பொருளால் வருவது. அதையும் புளிப்பு சிதைக்கும். மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, புளிக்கரைசலில் கொதிக்கவிடும் வீட்டில் மிரினுக்கு அந்த வேலையே கிடையாது. மினுமினுப்புக்கு நல்லெண்ணெய் மேலே மிதந்து நிற்கிறது. மீதி இருப்பது இனிப்பும் சிவப்பும். அதற்குத்தான் வெல்லம்.

குழம்பில் வெல்லமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும். வத்தக்குழம்பு, பாகற்காய்ப் பிட்லை, புளியோதரைக் காய்ச்சல், இஞ்சிப் புளி இவற்றில் துளி வெல்லம் போடுவது பல தமிழ் வீடுகளின் பழக்கம்தான். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவின் கசப்பையும் மாங்காயின் புளிப்பையும் சேர்த்து வைப்பதே வெல்லம். உடுப்பி சாம்பாரிலும் குஜராத்திப் பருப்பிலும் அது கட்டாயம். வங்காளிகள் காய்கறிக் கூட்டில் சர்க்கரை சேர்ப்பார்கள். 1956இல் லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கிய பிறகு நெய்வேலி நகரியத்துக்குப் பல மாநிலத்தவரும் குடிவந்தார்கள். அங்கே அடுத்த குவார்ட்டர்ஸ் பருப்பை ருசி பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது.

இனிப்பு போட்டால் புளிப்பு குறைந்துவிடுமா? நாக்குக்குக் குறையும், வயிற்றுக்குக் குறையாது. இனிப்பும் புளிப்பும் கசப்பும் ஒன்றாக வரும்போது ஒன்று மற்றதை அமுக்கிக் காட்டும், அவ்வளவுதான். குழம்பில் இருக்கும் அமிலம் அப்படியே இருக்கும். ஆகவே நெஞ்செரிச்சல்காரர்கள் புளி கூடிப்போன குழம்பை வெல்லம் போட்டுச் ‘சரிசெய்து’ சாப்பிட்டால் எரிச்சல் எரிச்சல்தான். அவர்களுக்குப் புளியைக் குறைப்பதே வழி. உப்புக்கும் இதே கதை. உப்புக் கரித்த குழம்பில் வெல்லம் போட்டால் கரிப்பு மறையும். ரத்த அழுத்தக்காரர் உடம்புக்குள் போகும் உப்பு ஒரு சிட்டிகைகூடக் குறையாது.

எவ்வளவு போடலாம்? நான்கு பேருக்கான வத்தக்குழம்பில், எலுமிச்சை அளவு புளிக்கு, தட்டிய வெல்லம் ஒரு டீஸ்பூன். சாப்பிடுபவருக்கு இனிப்பு தெரியக் கூடாது; புளியின் கூர் மழுங்கியிருக்க வேண்டும். இனிப்பு தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். பாகற்காய், சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றல் போன்ற கசப்புச் சாமானுக்கு ஒன்றரை டீஸ்பூன் வரை தாங்கும். மீன்குழம்புக்கு அரை டீஸ்பூனே அதிகம்; என்னைக் கேட்டால், பச்சை மாங்காய் போட்ட மீன்குழம்பைத் தவிர மற்றதற்கு வேண்டவே வேண்டாம்.

எப்போது போடுவது? இங்கேதான் நாமும் ஜப்பானியர்களும் பிரிகிறோம். அவர்கள் வேகவைக்கும் கறிவகைகளில் முதலில் சர்க்கரை, பிறகு உப்பு, வினிகர், சோயா சாஸ், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) என்று வரிசை வைத்திருக்கிறார்கள். காய்க்குள்ளேயே இனிப்பு ஊற வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நமக்குச் சாறு சமனானால் போதும். அதனால் நம் குழம்பில் வெல்லம் கடைசிதான். புளியின் பச்சை வாசனை போய், குழம்பு சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வளையம் கட்டும் நேரம் பாருங்கள். கரண்டியால் எண்ணெயை ஒதுக்கிவிட்டு நடுவில் கரைத்த வெல்லத்தை ஊற்றி, தீயைத் தணித்து, இரண்டு நிமிடம் விட்டு இறக்குங்கள். முதலிலேயே போட்டால் குழம்பு கெட்டியாகும்போது அடிப்பிடிக்கும், கருகல் கசப்பும் வரும்.

பருப்பு சேர்ந்த சாம்பாரில் இன்னொரு காரணமும் உண்டு. வெல்லத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் புளியின் அமிலமும் பருப்பை எளிதில் மலரவிடாது. பருப்பு குழைய வெந்த பிறகே இரண்டும் உள்ளே போக வேண்டும். பாயசத்தில் கொதிக்கும் பாலோடு வெல்லத்தைச் சேர்த்துத் திரியவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெல்லத்தில் லேசான அமிலம் உண்டு. பாகு, பால் இரண்டும் ஆறிய பிறகு கலந்தால் திரியாது.

வெல்லம் என்றால் எந்த வெல்லம்? சேத்தியாத்தோப்புக்காரர்களுக்குக் கரும்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எம்.ஆர். கிருஷ்ணமூர்த்தி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஊரை ஒட்டியே இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகாதவர் யார்? ஆனால் ஆலையில் வருவது வெள்ளைச் சர்க்கரை. வெல்லம் வருவது கொட்டகையில். கரும்புச்சாற்றைக் கொப்பரையில் கொதிக்கவிட்டு, சுண்ணாம்பு போட்டு அழுக்கைத் திரட்டி, நுரையோடு வாரி எடுப்பார்கள். வெண்டைச் செடியைத் தட்டிப் பிழிந்த கொழகொழச் சாறு ஊற்றி அழுக்கெடுப்பது பழைய முறை. நன்றாகக் காய்ந்த பாகு இயல்பாகவே பழுப்பு நிறம்.

பிறகு கடையில் இருக்கும் வெல்லம் ஏன் பளபளவென்று மஞ்சளாக இருக்கிறது? நாம் மஞ்சளைத்தான் கேட்கிறோம் என்பதால். பாகில் ‘ஹைட்ரோஸ்’ (கந்தகம் கலந்த வெளுப்பு மருந்து) தூவினால் நிறம் கண்ணெதிரே வெளுக்கும். அந்தக் கந்தகத்தின் மிச்சம் வெல்லத்தில் தங்கும். கந்தக டையாக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆஸ்துமா உள்ள சிலருக்குக் கந்தகம் ஆகாது, மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். நிறத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. என்றாலும் வெளிர் மஞ்சள் வெல்லத்தை விட்டுவிட்டுப் பழுப்பு வெல்லத்தை எடுப்பது நல்ல பழக்கம். எந்த வெல்லமானாலும் வெந்நீரில் கரைத்து வடிகட்டியே சேருங்கள். அடியில் மணல் தங்கினால் பரவாயில்லை, வடிந்துவிடும். வெள்ளையாக மாவுபோல் படிந்தால் சுண்ணப்பொடி கலந்திருக்கலாம், கடையை மாற்றுங்கள்.

கருப்பட்டி போடலாமா? சுக்கு, மிளகு தூக்கலான குழம்புக்குப் பொருந்தும். அதற்கென்று ஒரு புகை மணம் உண்டு; சாம்பாரில் அது தனியே தெரியும். நாட்டுச் சர்க்கரை சீக்கிரம் கரையும், அளவும் எளிது. வெள்ளைச் சர்க்கரை வெறும் இனிப்பு; வேறு வழியில்லாவிட்டால் அரை டீஸ்பூன்.

“எனக்குச் சர்க்கரை வியாதி, வெல்லம் என்றால் பரவாயில்லைதானே?” இந்த நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். வெல்லத்திலும் பெரும்பங்கு சர்க்கரைதான். ரத்தத்தில் ஏறும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரும்புச்சத்து இருக்கிறது என்பார்கள். ஒரு கிராம் வெல்லத்தில் வரும் இரும்பு எதற்கும் காணாது. அதற்காகப் பயப்படவும் வேண்டாம். நான்கு பேர் குழம்பில் ஒரு டீஸ்பூன் என்றால் தலைக்கு ஒரு கிராம் சொச்சம். காலை காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் அது எட்டு கிராம். வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. கணக்குப் பார்க்க வேண்டிய இடம் காபி டம்ளரும் பிஸ்கட் டப்பாவும்.

இத்தனைக்கும் பிறகு, பிள்ளைகள் அந்த வீடியோவில் பார்த்த தெரியாக்கிதான் (சோயா சாஸும் மிரினும் பூசிச் சிவக்க வாட்டுவது) வேண்டும் என்றால்? மிரினின் இனிப்பு சர்க்கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு மேசைக்கரண்டி மிரின் கேட்கும் இடத்தில் ஒரு டீஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, அதைக் கரைக்கத் தண்ணீர், இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. கால் கிலோ வஞ்சிரம் அல்லது எலும்பில்லாத கோழிக்கு இதில் இரண்டு பங்கும், சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டியும், தட்டிய இஞ்சி கொஞ்சமும் போதும். உப்பு போடாதீர்கள்; சாஸிலேயே தாராளமாக இருக்கிறது. துண்டுகளை முதலில் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு வேகவைத்து, கடைசி இரண்டு நிமிடத்தில் இந்தக் கலவையை ஊற்றிப் புரட்டுங்கள். குமிழி பெரிதாக வந்து, பாகு துண்டில் ஒட்டத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். நாட்டுச் சர்க்கரையில் குளுக்கோஸும் பழச்சர்க்கரையும் கொஞ்சம் இருப்பதால் வெள்ளைச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவக்கும். அரை நிமிடம் அசந்தாலும் கருகும். மிரினின் அரிசி மணம் இதில் வராது. அந்த மணமே வேண்டுமென்பவர்கள், மாதம் நாலைந்து முறை இப்படிச் சமைப்பவர்கள் பாட்டில் வாங்கலாம். மற்றவர்களுக்கு அது அலமாரியில் இடத்தைத்தான் அடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெல்லம் கசியும். காற்றுப் புகாத டப்பாவில், கை ஈரம் படாமல் வையுங்கள். பொங்கலை ஒட்டிக் கொட்டகைகளில் புது வெல்லம் இறங்கும் நாளில், மருந்து தூவாத வெல்லம் இருக்கிறதா என்று கேட்டு, ஆறு மாதத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்பாக இருக்கிறதே என்று விலை குறைத்துக் கேட்காதீர்கள்.