ஞாபகமுள்ள விளக்குகள்

எழுவாயும் பயனிலையும் கற்பிக்கும் நாம் மின்சுற்றைப் பற்றி எழுதப் புகுவது கண்டு பழைய மாணவர் சிலர் புன்னகை புரியக்கூடும். நாம் கூறவந்த விளக்குகளோ ஒரு வகுப்பறையின் தேவையிற் பிறந்தவை.

1964ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், டொனால்ட் பிற்சர், ஜீன் சிலொட்டோ என்னும் ஆசிரியர் இருவரும் றொபேட் வில்சன் என்னும் ஆராய்ச்சி மாணவரும் கணினி வாயிலாகப் பாடம் கற்பிப்பதற்கேற்ற திரையொன்றைத் தேடினர். தொலைக்காட்சிக் குழாயில் ஒரு படம் நிலைக்க வேண்டுமாயின் அதனை ஓயாது மீண்டும் மீண்டும் வரைதல் வேண்டும். அதற்கு வேண்டிய கணினி நினைவகமோ அந்நாளிற் பெருவிலை. ஆதலின், தன்னில் எழுதப்பட்டதைத் தானே நினைவில் வைத்திருக்குந் திரை வேண்டியதாயிற்று.

இரு கண்ணாடித் தகடுகள்; ஒன்றிற் கிடைக்கோடுகளாகவும் மற்றதில் நிலைக்கோடுகளாகவும் கடத்திகள்; இடையே நியன் வாயு. கோடுகள் குறுக்கிடும் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு விளக்கு. 512 கிடைக்கோடுகளும் 512 நிலைக்கோடுகளும் கொண்ட பலகையில் 262,144 விளக்குகள். அத்தனைக்கும் 1,024 கம்பிகளே போதும். பன்னீருயிரும் பதினெண் மெய்யுங் கூடி 216 உயிர்மெய் ஆகும் வகை இதுவன்றோ? கிடைக்கோட்டில் ஒரு பாதி, நிலைக்கோட்டில் மறு பாதி என அழுத்தத்தைப் பகிர்ந்து கொடுப்பின், இரண்டுங் கூடும் புள்ளி மட்டுமே பற்றும். பாதி மட்டும் பெற்ற ஏனையவை வாளாவிருக்கும்.

இனி, ஞாபகம் எங்ஙனம் வருகின்றது? கடத்திகளை மெல்லிய கண்ணாடிப் பூச்சு மூடியுள்ளது. வாயு ஒளிர்ந்ததும் மின்னேற்றங்கள் சென்று அப்பூச்சிற் படிந்து, வெளியழுத்தத்தை எதிர்க்கும். விளக்கு உடனே அணையும். ஆயின் வெளியழுத்தம் ஆடலோட்டமாதலின், கணத்தில் திசை மாறும். அப்போது எதிர்த்து நின்ற ஏற்றமே துணையாகிவிட, விளக்கு மீண்டும் பற்றும். வினாடிக்குப் பல்லாயிரந் தரம் இது நிகழ்வதால் கண்ணுக்கு இடையறாத ஒளியாகவே தோன்றும். முன்பு பற்றாத புள்ளியிற் படிந்த ஏற்றமில்லை; வெளியழுத்தம் மட்டும் அதனை ஏற்றப் போதாது. ஒளிர்வதும் இருண்டிருப்பதும் பெறும் அழுத்தம் ஒன்றே. வேறுபடுவது பழமை மாத்திரமே.

சுற்றமைப்பவருக்கு இடர் இங்குதான். பொது அழுத்தம் சற்றுக் கூடினால் அழையாத புள்ளிகளும் ஒளிரும். சற்றுக் குறைந்தால் ஒளிர்பவை மறந்துவிடும். அழிப்பதற்கும் அளந்த துடிப்பே வேண்டும்: படிந்த ஏற்றத்தை நடுநிலையாக்கும் அளவோடு அது நிற்றல் வேண்டும், மிகுந்தால் ஏற்றம் எதிர்ப்புறமாகப் படிந்து, புள்ளி மீண்டும் உயிர்பெறும்.

செம்மஞ்சள் எழுத்துக்களோடு மாணவர் முன் நின்ற அப்பலகையின் வழித்தோன்றல்களே பின்னாளில் வீட்டுச் சுவர்களை நிறைத்த பிளாஸ்மாத் தொலைக்காட்சிகள். அவற்றைச் செய்துவந்த பெருநிறுவனங்கள் 2014ஆம் ஆண்டளவில் உற்பத்தியை நிறுத்திவிட்டன.